அளப்பவரும் ஆணையிடுபவரும்: படைத்துறைக் கதிர்க்காப்பு இயற்பியலரின் பணியும் தகுதியும்

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகரான சிரம்பானுக்குத் தெற்கே அமைந்துள்ளது செனாவாங். இன்று தொழிற்பேட்டையாலும் வீடமைப்புப் பகுதிகளாலும் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியாலும் அறியப்படும் இவ்வூர், முந்தைய தலைமுறையினர்க்குப் பால்மரத் தோட்டங்களின் ஊராகவே பழக்கமானது. தோட்ட வாழ்வை நேரில் அறிந்தோர்க்கு ஒரு காட்சி நினைவிலிருக்கும். மரம் வெட்டி முடித்தவர்கள் பால் வாளிகளுடன் நிறுவைக் கொட்டகையில் வரிசையாக நிற்பர். கிராணி மெட்ரோலாக் என்னும் மிதவைமானியைப் பாலில் இட்டு, அது காட்டும் எண்ணைப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். பாலில் உலர் இரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை அவ்வெண்ணே தீர்மானித்தது. அன்றைய வருமானமும் அதனைச் சார்ந்தே அமைந்தது. மானி தவறாகக் காட்டாது என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டனர். அதனைப் படித்து எழுதுபவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் ஐயம் இருந்தது.

இக்கட்டுரையின் பொருள் அக்கொட்டகைக்குத் தொடர்பற்றதாக முதற்பார்வையில் தோன்றக்கூடும். செனாவாங்கில் நடைபெற்ற தமிழாசிரியர் பட்டறை ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இடைவேளையில் ஆசிரியை ஒருவர், படிவம் ஐந்தில் பயிலும் தம் முன்னாள் மாணவி கேட்ட கேள்வியை என்னிடம் வைத்தார். படையில் ‘ஹெல்த் பிசிசிஸ்ட்’ என்று ஒரு பணி உண்டாமே, அவர் என்ன செய்வார், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பது கேள்வி. ‘மருத்துவ இயற்பியலர்’ என்று தாம் விடை கூறியதாகவும், அது சரியா என்று தமக்கே தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். அன்று என்னாலும் தெளிவாக விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்தபோது, அந்த விடை சரியன்று என்பது தெரிந்தது. அதனினும் முக்கியமாக, அப்பணியின் உள்ளே இருப்பது நிறுவைக் கொட்டகையில் எழுந்த அதே ஐயம் என்பதும் புலனாயிற்று. அப்பணியின் இயல்பையும் அதற்குரிய கல்வித் தகுதிகளையும் தமிழாசிரியர் நோக்கில் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பெயரும் பொருளும்

ஹெல்த் பிசிக்ஸ் என்னும் பெயர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டளவில், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. அவ்வாய்வுக்கூடத்தின் பெயரே ஒரு மறைப்புத்தான். அங்கு நடந்தது உலகின் முதல் அணு உலையை அமைக்கும் பணி. என்ரிக்கோ பெர்மியின் தலைமையில் அவ்வுலை 1942 டிசம்பர் 2ஆம் நாள் தொடர்வினையை எட்டியது. உலைக்கருகில் பணியாற்றுவோரைக் காப்பதற்காக மருத்துவர் இராபர்ட் ஸ்டோனின் பொறுப்பில் நலப்பிரிவு ஒன்று உருவாக்கப்பட்டது. அப்பிரிவில் எர்னஸ்ட் வோலன், கார்ல் மார்கன், ஹெர்பர்ட் பார்க்கர் முதலிய இயற்பியலர் இடம்பெற்றனர். நலப்பிரிவில் இயற்பியல் செய்தோர் என்பதால் பெயர் அவ்வாறு அமைந்தது. கதிர்வீச்சு என்னும் சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தால் திட்டத்தின் இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

மறைப்பதற்காக வைத்த பெயரை நாம் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் மறைப்பையும் சேர்த்தே கொணர்கிறோம். ‘சுகாதார இயற்பியல்’ என்று எழுதினால் மாணவர் மனத்தில் தோன்றுவது சாக்கடைத் தூய்மையும் கொசு ஒழிப்பும்தான். ‘மருத்துவ இயற்பியல்’ என்பதோ வேறொரு துறை. புற்றுநோயாளிக்கு மருத்துவர் குறித்த கதிர்வீச்சு, குறித்த இடத்தில், குறித்த அளவில் சென்று சேர்வதை உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலர். அந்நோயாளியைத் தவிர வேறெவர்க்கும் அது சென்று சேராமல் பார்த்துக்கொள்பவரே நாம் பேசும் இயற்பியலர். கல்வியில் இருவர்க்கும் பொதுவான பகுதி மிகுதி, பொறுப்பில் இல்லை. மலாய்மொழிச் சட்ட வழக்கில் இத்துறைப் பொறுப்பாளரைப் ‘பெகாவாய் பெர்லிண்டுங்ஙான் சினாரான்’, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, என்றே குறிப்பிடுகின்றனர். பணியைப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்நெறியைப் பின்பற்றி இக்கட்டுரையில் ‘கதிர்க்காப்பு இயற்பியல்’, ‘கதிர்க்காப்பு இயற்பியலர்’ என்னும் தொடர்களை ஆள்கிறேன்.

சிரம்பானில் தொலைந்த கருவியும் நான்கு சொற்களும்

இத்துறையைப் புரிந்துகொள்ள நான்கு சொற்களை வேறுபடுத்தி அறிந்தால் போதும். அவற்றை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 10ஆம் நாள், சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குச் சிறு சுமையுந்தில் கொண்டுசெல்லப்பட்ட தொழில்துறைக் கதிர்ப்படக் கருவி ஒன்று வழியில் காணாமற்போயிற்று. அதன் எடை 23 கிலோகிராம். உள்ளே இருந்தது இரிடியம்-192. குழாய்களின் பற்றவைப்பில் விரிசல் உள்ளதா என்று ஊடுருவிப் பார்க்க இத்தகைய கருவி பயன்படுகிறது. ஏறத்தாழப் பத்து நாள் கழித்து நாளிதழ்களில் செய்தி வெளிவந்தபோது, தீயோர் கையில் சிக்கினால் கதிரியக்கப் பொருளைத் தூவும் வெடிகுண்டு செய்யப் பயன்படுமோ என்னும் அச்சம் எழுந்தது. காவல்துறையும் அணுசக்தி உரிம வாரியமும் விசாரணையில் ஈடுபட்டன.

முதற்சொல் ‘கதிரியக்கம்’. நிலையற்ற அணுக்கரு தானே சிதைந்து கதிர்களை உமிழும் பண்பு அது. இரிடியம்-192 கதிரியக்கம் உடையது. இரண்டாவது சொல் ‘கதிர்வீச்சு’. அவ்வாறு உமிழப்பட்டுப் பரவும் ஆற்றலை அது குறிக்கும். எக்ஸ்கதிர்ப் பொறியிலிருந்தும் கதிர்வீச்சு வரும். ஆயின் மின்சாரத்தை நிறுத்தியவுடன் அது நின்றுவிடும். இரிடியத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் எக்ஸ்கதிர்ப் பிரிவின் வாயிலிலும் ‘கதிரியக்கவியல் துறை’ என்று எழுதும் வழக்கம் உள்ளது. இரு கருத்துகளும் ஒன்றெனக் கருதும் மயக்கத்திற்கு இத்தகைய வழக்கும் துணைசெய்கிறது.

மூன்றாவது சொல் ‘ஏற்பளவு’. கதிர்வீச்சிலிருந்து உடல் ஏற்றுக்கொண்ட அளவை, அதன் விளைவையும் கருத்திற்கொண்டு, சீவர்ட் என்னும் அலகில் கூறுவர். நடைமுறையில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டே பயன்படும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கதிர்வீச்சுப் பணியாளர்க்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1. ஏற்பளவைக் குறைக்கும் வழிகள் மூன்று: அருகிலிருக்கும் நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையே கவசம் அமைத்தல். சிறு கதிர்மூலத்திலிருந்து தொலைவை இரு மடங்காக்கினால் வீச்சு நான்கில் ஒன்றாகும். சிரம்பானில் தொலைந்தது போன்ற கருவியின் எடையிற் பெரும்பகுதி கவசத்தின் எடையே. பல கருவிகளில் செறிவு குறைக்கப்பட்ட யுரேனியமே கவசமாகிறது. கதிர்மூலமோ விரல்நுனியில் அடங்கும் சிறு வில்லை. கருவி பூட்டியபடி இருக்கும்வரை பக்கத்தில் நடந்து செல்பவர்க்கு இடரில்லை. எவரேனும் உடைத்துத் திறந்து அவ்வில்லையைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நான்காவது சொல் ‘கதிரியக்க மாசு’. கதிரியக்கப் பொருளே தூளாகவோ நீர்மமாகவோ தோலிலும் உடையிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும் நிலை இது. எக்ஸ்கதிர் எடுத்துக்கொண்டவர் கதிர்வீச்சுக்கு உட்பட்டவர். அவரிடமிருந்து பிறர்க்கு எதுவும் பரவாது. மாசு படிந்தவரைத் தொட்டால் பரவும். கழுவினால் பெரும்பாலும் நீங்கும். மூச்சிலோ உணவிலோ உட்சென்றுவிட்டால் கழுவ இயலாது. இவ்வேறுபாட்டை அறியாததால், கதிர்வீச்சுக்கு மட்டும் உட்பட்டவரைத் தொழுநோயாளியைப் போல் ஒதுக்குவதும், மாசு படிந்த பொருளைக் கூச்சமின்றிக் கையாள்வதும் உலகெங்கும் நிகழ்ந்துள்ளன. பிரேசிலின் கொயானியா நகரில் 1987ஆம் ஆண்டு, கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து எடுத்த சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்குச் சென்றது. அதன் நீலநிற ஒளியை வியந்து மக்கள் உடலில் பூசிக்கொண்டனர். நால்வர் உயிரிழந்தனர். 2000ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுட் பிராக்கானில் கோபால்ட்-60 பழைய இரும்புடன் கலந்து மூவர் இறந்தனர். 2010இல் தில்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற கருவியைப் பிரித்த நிகழ்வில் ஒருவர் மாண்டார். மூன்றிலும் முதலிற் பாதிக்கப்பட்டோர் பழைய இரும்பைப் பொறுக்கியும் பிரித்தும் பிழைக்கும் எளிய மக்கள். செனாவாங் போன்ற தொழிற்பேட்டைகளை அடுத்து அத்தொழில் செய்வோரில் நம்மவரும் உளர் என்பதை ஆசிரியர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

சிரம்பான் கருவியைப் பற்றி இன்னொரு செய்தி. இரிடியம்-192இன் அரைவாழ்வு ஏறத்தாழ 74 நாள். பத்து அரைவாழ்வுகளில், அதாவது ஏறக்குறைய ஈராண்டில், கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்; ஐந்தாண்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கினும் கீழே செல்லும். எனவே 2018இல் எழுந்த அச்சம் நியாயமானது. அதே அச்சத்தை இன்றும் கொள்வது நியாயமன்று. சீசியம்-137க்கு அரைவாழ்வு 30 ஆண்டு என்பதால் அங்குக் கணக்கு வேறு. எப்போது அஞ்ச வேண்டும், எப்போது வேண்டியதில்லை என்று எண்ணைக் கொண்டு சொல்வதே கதிர்க்காப்பு இயற்பியலரின் பணி.

படையில் அவர் பணி

அணுவாயுதம் உள்ள நாட்டில்தான் படைக்கு இவர் தேவை என்னும் எண்ணம் தவறானது. மலேசியா தென்கிழக்காசிய அணுவாயுதமற்ற மண்டல ஒப்பந்தத்தில் 1995ஆம் ஆண்டு கையொப்பமிட்டது. அணுவாயுதத் தடை உடன்படிக்கையை 2020இல் உறுதிப்படுத்தியது. ஆயினும் எந்நாட்டுப் படையிலும் மருத்துவமனை எக்ஸ்கதிர்ப் பொறிகள் உண்டு. இரவில் ஒளிரும் திசைமானியிலும் துப்பாக்கிக் குறிகாட்டியிலும் டிரிட்டியம் இருக்கலாம். இரண்டாம் உலகப்போர்க் கால வானூர்திகளின் மானிமுகப்புகளில் ரேடியம் பூசப்பட்டிருந்தது. வெடிகுண்டு ஐயம் எழும் இடத்திற்கும், கதிரியக்கப் பொருள் சிந்திய இடத்திற்கும் படையினர் அழைக்கப்படலாம். நம் நாட்டில் காஜாங்கில் அமைந்துள்ள பாதுகாப்பு அறிவியல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வேதியியல், உயிரியல், கதிரியக்க அச்சுறுத்தல்களைப் பற்றிய ஆய்வையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

அமைதிக் காலத்தில் அவர் பணி பெரும்பாலும் சலிப்பூட்டுவது. கருவிகளைச் சோதித்துச் சரிபார்த்தல், மார்பில் அணியும் அளவுப்பட்டைகளைத் திரட்டிப் படித்தல், எக்ஸ்கதிர் அறையின் சுவர்த்தடிமனைக் கணித்தல், வீரர்க்குப் பயிற்சி அளித்தல், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுதல் என அது நீளும். பதிவேடு எழுதுவது அற்பப் பணியாகத் தோன்றலாம். கதிர்வீச்சால் விளையும் புற்றுநோய் பல்லாண்டு கழித்தே வெளிப்படும். அப்போது இழப்பீடு கோரும் முதியவர்க்கு அந்த ஏட்டிலுள்ள எண்ணைத் தவிர வேறு சான்று இராது.

நெருக்கடிக் காலத்தில் பணியின் தன்மையே மாறிவிடுகிறது. தொழிற்சாலையில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று சட்டம் வரம்பிடுகிறது. உயிர்காக்கும் மீட்புப் பணியில், விவரமறிந்து விரும்பி முன்வருவோர்க்கு, 500 மில்லிசீவர்ட் வரை அனைத்துலக வழிகாட்டுநெறி இடமளிக்கிறது. போர்க்களத்திலோ, தம் வீரர்கள் எவ்வளவு ஏற்கலாம் என்பதைப் படைத்தலைவரே முடிவு செய்கிறார். ‘இப்பாலத்தைக் கடக்க முப்பது மணித்துளி ஆகும், இவ்வளவு ஏற்பர், அதன் விளைவு இது’ என்று இயற்பியலர் கூறுவார், கடப்பதா வேண்டாமா என்பது தலைவரின் ஆணை. அளப்பவருக்கு ஆணையிடும் அதிகாரமில்லை. ஆணையிடுபவருக்கோ அளவை வேண்டாம் என்று ஒதுக்கும் அதிகாரம் உண்டு. படைத்துறைக் கதிர்க்காப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே. அதற்குச் சான்றாக வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளைக் காணலாம்.

பிக்கினித் தீவு, 1946

பசிபிக் பெருங்கடலின் பிக்கினித் தீவருகில் அமெரிக்கா 1946 ஜூலையில் இரு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. இலக்காக நிறுத்தப்பட்ட கலங்கள் 95. பங்கேற்றோர் ஏறத்தாழ 42,000 பேர். ஜூலை 25ஆம் நாள் நீருக்கடியில் வெடித்த இரண்டாம் குண்டு, கதிரியக்கம் கலந்த நீரைக் கப்பல்கள்மீது மழையாகப் பொழிந்தது. அவற்றைத் துப்புரவு செய்து மீட்கக் கடற்படை விரும்பியது. மாலுமிகள் நீர் பாய்ச்சியும் சோப்பும் காரமும் இட்டும் தளங்களைத் தேய்த்தனர். மாசு எளிதில் நீங்கவில்லை.

கதிர்ப் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஸ்டாஃபோர்டு வாரன் என்னும் மருத்துவர். இவரை இயற்பியலர் என்று கூற இயலாது; ஆனால் கதிர்க்காப்பு இயற்பியலரின் பணியைப் படைக்குள் தலைமையேற்று நடத்தியவர் இவரே. கப்பல் அதிகாரிகள் பலர் கண்ணுக்குத் தெரியாத இடரை நம்ப மறுத்தனர். தம் கப்பலைக் கைவிடுவது அவர்களுக்கு மானக்கேடாகவும் பட்டது. அவர்கள் வைத்திருந்த கெய்கர் மானிகளோ புளூட்டோனியத்தின் ஆல்பாக் கதிர்களைக் காட்டவில்லை. மானி காட்டவில்லை என்பதையே இடரில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் நிலை அது.

வாரன் ஒரு மீனைக் கொண்டு விடை தந்தார். பவளத் திட்டில் பிடித்த மீன் ஒன்றைப் படத்தகட்டின்மீது வைத்தபோது, மீன் தன் உடலிலிருந்து வந்த கதிர்களாலேயே தன் வடிவத்தைத் தகட்டில் பதித்தது. புளூட்டோனியம் அதன் உடலெங்கும் பரவியிருந்தமைக்கு அது சான்றாயிற்று. ஆகஸ்ட் 10ஆம் நாள் அப்படத்தைக் கண்ட கடற்படைத் தளபதி பிளாண்டி துப்புரவுப் பணியை நிறுத்த ஆணையிட்டார். திட்டமிட்டிருந்த மூன்றாம் சோதனையும் பின்னர் நடைபெறவில்லை. எண்களால் நம்பவைக்க இயலாத ஒருவரை ஒரு படத்தால் நம்பவைத்தது நம் ஆசிரியத் தொழிலுக்கு நெருக்கமான செயலாகவே எனக்குப் படுகிறது. ஆயினும் இடைப்பட்ட இரு வாரங்களில் அத்தளங்களைத் தேய்த்தவர்கள் தேய்த்தவர்களே. அவர்கள் எல்லார்க்கும் அளவுப்பட்டை வழங்கப்பட்டிருக்கவில்லை. வளிமண்டலச் சோதனைகளில் பங்கேற்றோர்க்கும் இழப்பீடு வழங்கும் சட்டம் ஒன்றை அமெரிக்கா 1990இல் இயற்றியது. அதற்குள் 44 ஆண்டுகள் கடந்திருந்தன.

கல்பாக்கம், 2003

தமிழ் நிலத்தில் இத்துறையினர் மிகுதியாகப் பணியாற்றும் இடம் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையமும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அங்குள்ளன. இந்திய அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கான உலையின் தரைவழி முன்மாதிரியும் அங்கேதான் அமைக்கப்பட்டது. குடிசார் பணியும் படைசார் பணியும் ஒரே வேலிக்குள் நடைபெறும் இடமாதலின் அது நம் பொருளுக்கு உரியது.

அங்குள்ள எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் 2003 சனவரி 21ஆம் நாள், பணியாளர் சிலர் குறைந்த கதிரியக்கமுடைய கழிவின் மாதிரி எடுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தனர். அடைப்பிதழ் ஒன்று பழுதுற்றமையால் உயர் கதிரியக்கக் கழிவு அங்கு வந்து சேர்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அவ்விடத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கை மானி இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்தபோதே உண்மை தெரிந்தது. ஆறு பணியாளர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு உட்பட்டனர். செய்தி வெளியுலகுக்கு வந்தது மாதங்கள் கழித்தே. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது அதன்பின் பணியாளர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த நிலையங்களின் பாதுகாப்பு மேற்பார்வை, 2000ஆம் ஆண்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடமிருந்து எடுக்கப்பட்டு அம்மையத்தின் உள்ளமைப்பிடமே ஒப்படைக்கப்பட்டது. இவ்வாலையும் அவற்றுள் ஒன்று. நாட்டின் பாதுகாப்புக் கருதிய இரகசியம் அதற்குக் காரணமாகலாம். ஆனால் கிராணியும் நிறுவைக்காரரும் தணிக்கையாளரும் ஒரே துரைக்குக் கீழ் இருந்தால் வரிசையில் நிற்பவருக்கு என்ன நம்பிக்கை ஏற்படும்? அங்குப் பணியாற்றிய இயற்பியலரின் அறிவிலோ நேர்மையிலோ குறை காண்பது என் நோக்கமன்று. எச்சரிக்கை மானி இல்லாத அறைக்குள் ஆளை அனுப்பக் கூடாது என்று சொல்லவும், சொன்னதைக் கேட்கச் செய்யவும் ஒருவர் அங்கு இருந்தாக வேண்டும் என்பதே கூறவந்தது.

தகுதிகள்

அமெரிக்கத் தரைப்படையில் இப்பணியினர் ‘அணுவியல் மருத்துவ அறிவியல் அதிகாரி’ என்றும், கடற்படையில் ‘கதிர்வீச்சு நல அதிகாரி’ என்றும் அழைக்கப்படுகின்றனர். இரு படைகளிலும் அவர்கள் மருத்துவப் பணிப் பிரிவைச் சேர்ந்த அதிகாரிகள். ஆயுதப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அல்லர். இது வெறும் நிருவாக ஏற்பாடு அன்று என்றே கருதுகிறேன். ஆயுதத்தைக் கையாளும் தலைவரின் நேரடி ஆளுகைக்கு அப்பால், மருத்துவத் துறை வழியாக மேலிடத்திற்கு எழுதும் வழி அவர்களுக்குத் திறந்திருக்கிறது. கல்வித் தகுதியாக இயற்பியல், கதிர்க்காப்பு இயற்பியல், கதிர்வீச்சு உயிரியல், அணுப்பொறியியல் போன்றவற்றில் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. முதுகலை உடையோர்க்கு முன்னுரிமை உண்டு. அதன்மேல் படைப்பயிற்சியும் துறைப்பயிற்சியும் சேரும்.

படைக்கு வெளியே இத்துறையினரின் திறனைச் சான்றுறுதி செய்வது 1959இல் உருவான அமெரிக்கக் கதிர்க்காப்பு இயற்பியல் தேர்வு வாரியம். இளங்கலைப் பட்டமும், ஆறாண்டுத் தொழிலனுபவமும், தாமே எழுதிய துறைசார் அறிக்கையும், இரு பகுதித் தேர்வில் தேர்ச்சியும் அங்கு வேண்டப்படுகின்றன. அறிக்கை கேட்பது கருதத்தக்கது. கணக்கிடத் தெரிந்தால் மட்டும் போதாது. கணக்கை எழுத்தில் விளக்கத் தெரிய வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் ஒரே விடுதியில் தங்கியிருந்த படை அதிகாரி ஒருவர் இத்துறையில் முதுகலை பயின்றார். சமையலறையில் எங்களை நிறுத்திவைத்து, மூன்று மணித்துளிக்குள் ஏதேனும் ஒரு செய்தியை விளக்கிவிட்டு, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்வார். நாங்கள் தவறாகச் சொன்னால் தம்மையே நொந்துகொண்டு மறுபடியும் தொடங்குவார். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஓராண்டுக் கதிரியல் இயற்பியல் பட்டயம் நெடுங்காலமாக இத்துறைக்கு நுழைவாயிலாக உள்ளது. மலேசியாவில் பாதை வேறு. 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற நிறுவனம் அங்கீகாரம் பெற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியை அமர்த்த வேண்டும். பாங்கியில், 1982 முதல் ஆய்வு உலையை இயக்கிவரும் மலேசிய அணுவியல் முகைமை பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அதே பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு அறிவியல் பட்டப்படிப்பும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் முதுகலையும் உண்டு. படையில் சேர்ந்து பயில விரும்புவோர்க்குச் சுங்கை பீசியில் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றைக் கைவிடாதிருப்பதே முதற்படி. படிவம் நான்கில் பாடத்தேர்வு செய்யும்போதே இவ்வாயில் திறக்கிறது, அல்லது மூடிவிடுகிறது.

பாங்கியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அம்முகைமை வளாகத்தில் கோபால்ட்-60இன் கதிர்களைக் கொண்டு இரப்பர்ப் பாலைக் கந்தகமின்றி வலுவூட்டும் ஆலையும் நிறுவப்பட்டது. நம் பாட்டிமார் மங்கில் ஏந்திய அதே பால்தான். தோட்டப் பின்புலத்திலிருந்து வரும் மாணவர்க்கு இயற்பியல் அயல்பொருள் அன்று என்று காட்ட இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை.

தமிழாசிரியர் பங்கு

அறிவியலைத் தமிழில் கற்பிப்பதில் நம் பள்ளிகள் ஓர் இடைமுறிவைக் கண்டவை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின; அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர்ப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுகளில் தொடக்கப்பள்ளி பயின்றோர் இன்று பெற்றோராகவும் இளம் ஆசிரியராகவும் உள்ளனர். கதிரியக்கம், கதிர்வீச்சு என்னும் வேறுபாட்டைத் தமிழில் கேட்டறியாத ஒரு வரிசை நம்மிடையே உண்டு. பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா அரிய மண் ஆலை வழக்கு 1985 முதல் 1993 வரை நீதிமன்றங்களில் நடந்தபோது, தோரியக் கழிவைப் பற்றி இரு தரப்பு வல்லுநரும் எண்களை அடுக்கினர். அவ்வெண்கள் யாருடைய வாழ்வைப் பற்றியவையோ அம்மக்களின் மொழிகளில் அவற்றை விளக்கும் பொறுப்பு, வல்லுநருக்கு மட்டும் உரியதன்று.

செனாவாங் ஆசிரியைக்கு என் விடையைப் பின்னர் மடலாக எழுதினேன். மாணவிக்குப் படிவம் ஆறுக்கு முன் கூடுதல் கணிதத்தில் பயிற்சி தேவை என்றும், தேசியப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம் என்றும் குறிப்பிட்டேன். வகுப்பில் காட்டுவதற்கு இரு குறிகளையும் வரைந்து அனுப்பினேன். ஒன்று, மஞ்சள் நிலத்தில் மூன்று இதழ் கொண்ட பழைய குறி. மற்றொன்று, அனைத்துலக அணுசக்தி முகைமை 2007இல் அறிமுகப்படுத்திய சிவப்பு முக்கோணம். அதில் கதிர் அலைகளும் மண்டையோடும் ஓடும் மனிதனும் இருக்கும். மூன்று இதழ்க் குறியைக் கண்டு இடரென உணராதோர் பலர் என்று தெரிந்ததால்தான் இரண்டாவது குறி தேவைப்பட்டது. ஆசிரியை அவற்றைப் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவரிடமும் கொடுத்ததாகப் பதில் எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வியும் இருந்தது: ‘கதிர்வீச்சுக்கு உட்படுதல்’ என்பதற்கு ஒரே சொல்லாக, பேச்சிலும் வழங்கத்தக்கதாக, தமிழில் எதனைக் கொள்வது? ‘கதிர்படல்’ என்று ஒன்றை எழுதிப் பார்த்தேன். பேச்சில் நிற்குமா என்பதில் உறுதியில்லை. பொருத்தமான சொல்லை அறிந்தோர் இவ்விதழுக்கு எழுதினால் அவருக்கு அனுப்பிவைப்பேன்.